ஹெல்முட்டுக்குத் தண்ணீர்

மலக்கி ருவான் தினமும் ஒரு தடவை உலகத்தைச் சுற்றி வருவார். அவருடைய உலகம் அறுபத்தொரு மைல். காலை ஒன்பதரைக்கு கில்டரா ஊர்த் தேவாலயத்துக்கு எதிரே பஸ் கிளம்பும். கடலோரமாகவே போய், மாலை நாலரைக்கு அதே தேவாலயத்துக்கு எதிரே வந்து நிற்கும். "எனக்கும் வயசு அறுபத்தொண்ணு, மைலுக்கு ஒரு வயசு" என்று முதல் வளைவிலேயே மைக்கில் சொல்லுவார். எல்லாரும் சிரிப்பார்கள். அறுபதாக இருந்த போன வருஷமும் இதையேதான் சொன்னார், அதற்கு முந்தின வருஷமும். சிரிப்பவர்கள் தினமும் வேறு ஆட்களாக இருப்பதில் இப்படி ஒரு சௌகரியம் உண்டு.

கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "பதினாறு சீட்தான், எல்லாத்துக்கும் முன்பதிவு ஆயிடுச்சு" என்பார். அதற்கும் சிரிப்பார்கள். பத்தொன்பது வருஷமாக அதே சாலை, அதே பாறை, அதே சிரிப்பு. செக்குமாடாவது சில நாள் ஓய்வெடுக்கும். கோடைக்காலம் முழுக்க மலக்கிக்கு ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடையாது.

அந்தச் சாலையில் பஸ்கள் ஒரே திசையில்தான் போகும். கடல் எப்போதும் இடது கைப் பக்கம். இதற்கு எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை, ஆனால் மீறியவனும் இல்லை. செங்குத்துப் பாறையைக் குடைந்து போட்ட ஒற்றை வழி அது. எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிட்டால் ஒருவன் பின்னால் போயே ஆகவேண்டும். பின்னால் போனவனை அந்த வாரம் முழுக்க மதுக்கடையில் வைத்து வறுத்தெடுப்பார்கள். அதனால் உள்ளூர்க்காரர்கள் பஸ் வருகிற நேரம் தெரிந்து, அந்த நேரத்துக்கு எதிரே வராமல் பார்த்துக்கொள்வார்கள்.

தப்பித் தவறி எதிரே வந்தவர்களுக்கும் ஒரு மரியாதை உண்டு. ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியை விடாமல் ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கிக் காட்டவேண்டும். தெரிந்தவன், தெரியாதவன், பாதிரியார், ஆடு திருடினவன், யாராக இருந்தாலும் அந்த ஒரு விரல் உண்டு. மலக்கி ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது தூக்குவார். ஒரே ஒரு சிவப்பு டிராக்டர் வந்தால் மட்டும் பத்து விரலையும் ஸ்டியரிங்கோடு இறுக்கிக்கொள்வார். அந்த டிராக்டரை ஓட்டுகிறவரும் அதே சமயம் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் ஃபின்டன் ருவான். மலக்கியைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், கூடப் பிறந்த ஒரே அண்ணன்.

தகராறு அப்பாவை அடக்கம் செய்த அன்று வந்தது. கடைசி ஆறு வருஷம் அப்பா படுத்த படுக்கை. ஊட்டியதும் குளிப்பாட்டியதும் துணி மாற்றியதும் ஃபின்டன்தான். அப்போது டப்ளினில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த மலக்கி, கிறிஸ்துமஸுக்கு மட்டும் எட்டிப் பார்ப்பார். அப்பா வீட்டையும் கடலோர வயலையும் மூத்தவன் பேருக்கு எழுதி வைத்துவிட்டார், அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. மலக்கி அந்த மாதம்தான் பஸ் வாங்கி ஊரோடு வந்திருந்தார். அடக்கம் முடிந்து, மதுக்கடை மாடியில் சூப்பும் பன்றி இறைச்சி சாண்ட்விச்சும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணனிடம் போய், வயலின் மூலையில் பஸ்ஸை நிறுத்திப் பயணிகளை இறக்கிவிடட்டுமா என்று கேட்டார். அந்தக் கரை முழுக்கத் தேடினாலும் அதைப்போல ஒரு இடம் கிடையாது. கீழே மூன்று தீவும் தெரியும்.

"பாப்போம்" என்றார் ஃபின்டன்.

அந்தப் பக்கத்தில் 'பாப்போம்' என்றால் முடியாது என்று அர்த்தம். உள்ளே இரண்டு விஸ்கி போயிருந்தது. மலக்கி நாற்பது பேர் காதில் விழும்படி ஒரு வார்த்தை சொன்னார்: "இந்த வயலுக்காகத்தானே ஆறு வருஷம் கெழவனுக்கு மூத்திரம் அள்ளின?"

ஃபின்டன் சூப்புக் கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் காலையில் மலக்கி மன்னிப்புக் கேட்கத்தான் போனார். இது சத்தியம். வழியெல்லாம் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். வீட்டு கேட்டில் புதுப்பூட்டு தொங்கியது. பூட்டைப் பார்த்ததும் வாக்கியத்தை விழுங்கிவிட்டு வந்த வழியே திரும்பினார். அது தொண்டையிலேயே பத்தொன்பது வருஷம் கிடந்தது.

அதன் பிறகுதான் ஹெல்முட் பிறந்தான்.

அந்த கேட்டைத் தாண்டும்போதெல்லாம் பயணிகள் ஒரே குரலில் கத்துவார்கள்: "இங்க நிறுத்துங்க, இங்க நிறுத்துங்க!" முதலில், மண் இளகிக் கிடக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். ஒரு நாள் ஒரு பிரெஞ்சுக்காரி விடாமல் வாதாடினாள். மலக்கிக்குக் கோபம் வந்து, "போன வருஷம் ஒரு ஜெர்மன் பையன் இங்கதாம்மா விழுந்து செத்தான்" என்று அளந்துவிட்டார். பேர் என்ன என்று கேட்டாள். ஹெல்முட் என்று வாயில் வந்தது. பொய் சொல்கிறவன் அத்தோடு நிறுத்தமாட்டான். அடுத்த கோடைக்குள் ஹெல்முட்டுக்கு இருபத்திரண்டு வயது, சிவப்பு சைக்கிள், ஊரில் கல்யாணம் நிச்சயமான பெண் எல்லாம் வந்துவிட்டன. யாரோ அதை இணையத்தில் எழுதினார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் கார் எடுத்துக்கொண்டு வந்த ஒரு ஜோடி அந்த கேட்டில் பூங்கொத்து வைத்தது. அப்புறம் மெழுகுவர்த்தி வந்தது, கரடி பொம்மை வந்தது, குட்டிக் கொடி வந்தது. பெட்ரோல் பங்கு வைத்திருக்கும் நோரீன் கடையில் ஹெல்முட் புண்ணியத்தில் பூ வியாபாரம் நடந்தது. மலக்கிக்கு இனிமேல் உண்மையைச் சொல்ல வழியில்லை. தான் கட்டிய பொய்க்குள்ளே தானே குடியிருந்தார்.

அன்று அக்டோபர் மாதத்துக் கடைசி வாரம். பருவம் முடிகிற சமயம். சாலை காலியாகக் கிடந்தது. டீசல் போடும்போது நோரீன் கடைக்குள்ளிருந்து வெளியே வந்தாள். பள்ளிக்கூடத்தில் மலக்கிக்கு ஒரு பெஞ்சு முன்னால் உட்கார்ந்தவள். பங்கும் கடையும் போக, ஊருக்கு இருக்கும் ஒரே வாடகைக் காரும் அவளுடையதுதான்.

"மலக்கி, ஒரு சேதி. சொல்லட்டுமா வேண்டாமா?"

"வேண்டாம்னா சொல்லாம இருந்துடுவியா?"

"மாட்டேன். உங்க அண்ணன் இன்னைக்குக் கிளம்புறாரு. ஆஸ்திரேலியாவுக்கு, மக வீட்டுக்கு. ரெண்டு மணிக்கு நான்தான் ஏத்திக்கிட்டு ஏர்போர்ட் போறேன்."

மலக்கி டீசல் குழாயைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எப்ப வர்றாராம்?"

"எழுபத்து மூணு வயசு. இடுப்பெலும்பு தேஞ்சு போச்சு. எடுத்திருக்கிறது போறதுக்கு மட்டும் டிக்கெட்டு. எப்ப வருவாருன்னு நீயே சொல்லு."

அவர் டீசல் மூடியைத் திருகினார்.

"ஒண்ணேகால் மணிக்கு அந்த வீட்டத் தாண்டித்தானே போவ. ஒரு நிமிஷம் நிறுத்தி எறங்கினா உன் பஸ்ஸு கரைஞ்சுடுமா?"

"பஸ்ஸுல பதினாறு பேரு இருக்காங்க, நோரீன்."

"பத்தொன்பது வருஷமா உனக்குப் பதினாறு பேரு இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, கடை வாசலில் காத்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாளுக்கு வெள்ளைப் பூங்கொத்து கட்டிக்கொடுக்கப் போனாள்.

அந்த அம்மாள் பூவோடு வந்து பஸ்ஸில் முதல் சீட்டில் உட்கார்ந்தாள். அமெரிக்காவில் ஒஹையோவாம், பேர் லொரேட்டா. பூங்கொத்தை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டாள். "அந்த ஜெர்மன் பையனுக்குத் தம்பி. நான் படிச்சேன். எனக்கும் ஒரு பையன் இருந்தான், மலையேறப் போனவன்" என்றாள். மலக்கி அவள் முகத்தைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினார்.

அன்று மலக்கி சொன்ன நகைச்சுவை எதுவும் எடுபடவில்லை. சொல்கிற ஆளே அங்கே இல்லை. மனசு முழுக்க, 'அண்ணே, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு' என்ற அந்த வாக்கியம்தான். சொல்வதற்கு மூச்சு ஒன்று போதும். அதற்கு இன்று விட்டால் நாள் இல்லை. கடற்கரையில் பத்து நிமிஷம் என்று சொல்லி இறக்கிவிட்டார். அவர்கள் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டு இருபத்தைந்து நிமிஷம் நின்றார்கள். ஹாரன் அடித்தார். சூப் கடையில் இரண்டு பேர் இன்னொரு ரொட்டி கேட்டார்கள், வெண்ணெய் வேண்டும் என்றார்கள். "கட்டிக் குடுக்கச் சொல்றேன், பஸ்ஸுல வச்சு சாப்பிடுங்க" என்று கிட்டத்தட்டப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார். இவர் இப்படி நடந்து யாரும் பார்த்ததில்லை. சூப் கடைக்காரன் வாசலில் நின்று வாயைப் பிளந்தான்.

ஒண்ணேகால் மணிக்கு வீட்டின் வெள்ளைச் சுவர் தெரிந்தது. கேட் தெரிந்தது. கேட்டின் கீழே கிடந்த காய்ந்த பூவெல்லாம் தெரிந்தது.

"இதுதானே தம்பி? நிறுத்துப்பா, வச்சுட்டு வந்துடுறேன். ஒரு நிமிஷம் போதும்" என்று லொரேட்டா எழுந்தே விட்டாள்.

நிறுத்தினால் லொரேட்டா இறங்குவாள். பதினாறு பேரும் இறங்குவார்கள். அத்தனை பேர் முன்னால் அண்ணன் வெளியே வந்து, இங்கே எவனும் சாகவில்லை என்று சொல்வார். மலக்கி புகைக்கூண்டைப் பார்த்தார். அந்த வீட்டில் ஜூலையில்கூட அடுப்பு எரியும். இன்று புகை இல்லை. டிராக்டர் தார்ப்பாய் போர்த்தி நின்றது. அவருக்கு முதலில் வந்தது நிம்மதி. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் வந்தது. அண்ணன் போய்விட்டார், நான் என்ன செய்வேன்! கால் பழகின இடத்தில் பழகின அழுத்தம் கொடுத்தது. பஸ் போய்விட்டது.

"இங்க நிறுத்த முடியாதும்மா. உட்காருங்க" என்றார்.

லொரேட்டா உட்கார்ந்தாள். பூவைத் திரும்பவும் மடியில் வைத்துக்கொண்டாள்.

நூறு கஜம் போவதற்குள் நிம்மதி தீர்ந்துவிட்டது. இனிமேல் ஒன்பது மைலுக்கு பஸ் திருப்ப இடம் கிடையாது. இடது பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்சுவர், அதற்கு அப்பால் காற்றும் கடலும். வலது பக்கம் ஈரம் கசிகிற பாறை. திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது, நாளைக்கு வந்தால் அங்கே ஆளும் இருக்காது. ஒரு மனுஷன் தன் வாழ்க்கை முழுவதையும் ஒரே திசையில் ஓட்டியிருக்கிறான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உறைத்து என்ன செய்ய?

முக்கால் மைல் போனால் கருமூக்கு. பாறை மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இடம், சாலையிலேயே ஒடுக்கமான வளைவு. மலக்கி ஹாரன் அடித்து வளைத்தார். வளைத்ததும் பிரேக்கை மிதித்தார்.

எதிரே நோரீனின் பச்சைக் கார் நின்றுகொண்டிருந்தது. இரண்டு வண்டிக்கும் நடுவில் ஒரு கன்றுக்குட்டி நிற்கலாம், அவ்வளவுதான் இடம். முன்சீட்டில், பாறைப் பக்கமாக, கோட்டும் டையும் கட்டிக்கொண்டு ஃபின்டன் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நேர் எதிரே மலக்கி.

சிறிய வண்டிதான் பின்னால் போகவேண்டும். அதுதான் வழக்கம். கார் அசையவில்லை. மலக்கி இறங்கலாம் என்று கதவைத் தள்ளினார். பாறை இடித்தது, நாலு விரல்தான் திறந்தது. பயணிகள் கதவைத் திறந்தால் சுவரும் பாதாளமும். ஃபின்டன் பக்கத்துக் கதவும் அப்படியே, பாறையோடு ஒட்டி நின்றது. நோரீன் மட்டும் எப்படியோ கடல் பக்கமாக நெளிந்து இறங்கி, இரண்டு வண்டிக்கும் நடுவில் வந்து நின்றாள். காற்றில் அவள் தலைமுடி நட்டுக்கொண்டது.

"என்னைத் திட்டாதே மலக்கி. உங்க அம்மா அப்பா கல்லறையப் பாக்கணும்னு முன்னாடியே கிளம்பச் சொன்னாரு. பாத்தாச்சு. அங்கேர்ந்து பெரிய ரோட்டுலயே போயிருக்கலாம். கடல் ரோட்டுல திரும்பிப் போன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. அண்ணே, இந்நேரம் பஸ்ஸு வருமேன்னேன். எனக்குத் தெரியாதான்னாரு."

மலக்கி பக்கக் கண்ணாடியை இறக்கினார். எதிரே ஃபின்டனும் இறக்கினார். ஒருவர் மூச்சு விட்டால் இன்னொருவருக்குக் கேட்கும். ஆனாலும் இருவரும் நோரீனைப் பார்த்துத்தான் பேசினார்கள்.

"பஸ்ஸு வர்ற நேரத்துல எதுக்கு எதிர்ல வந்தாருன்னு கேளு" என்றார் மலக்கி.

"நான் பொறந்த ரோடு இது, எந்தப் பக்கமும் வருவேன்னு சொல்லு" என்றார் ஃபின்டன்.

"சரி, பின்னால எடுக்கப் போறாரா இல்லையான்னு கேளு."

"எடுக்க மாட்டேன்னு சொல்லு. பத்தொன்பது வருஷமா அவன் டயரு என் வீட்டு வாசல்ல நின்னதில்ல. இன்னைக்கு நிக்கட்டும்னு சொல்லு."

நோரீன் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிச் சொன்னாள். கேட்டதையே மறுபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள் இருவரும்.

"அப்புறம் அந்த ஜெர்மன்காரன் சௌக்கியமான்னு கேளு" என்றார் ஃபின்டன்.

மலக்கிக்குக் காது சிவந்தது. "எந்த ஜெர்மன்காரன்?"

"என் வாசல்ல வந்து செத்தானே, அவன்தான். எட்டு வருஷமா வர்றவன் போறவனெல்லாம் பூ வைக்கிறான். வாடிப்போச்சுன்னா பாக்கறதுக்கு நல்லாவா இருக்கு? ஜாம் பாட்டில்ல வச்சு நான்தான் தண்ணி ஊத்துறேன். பெத்தவங்க யாராச்சும் தேடிக்கிட்டு வந்துட்டா என்ன பதில் சொல்றதுன்னு ரெண்டு வருஷம் எனக்குத் தூக்கமில்ல. அப்புறந்தான் நீ சொன்ன, அப்படி ஒருத்தன் பொறக்கவே இல்லன்னு."

"அதுக்கப்புறமும் ஊத்தினீங்களே, அண்ணே" என்றாள் நோரீன்.

"பழகிப் போச்சு." ஃபின்டன் கோட்டுப் பைக்குள்ளிருந்து கையை எடுத்தார். "இன்னையோட நான் போறேன். இனிமே அவனக் கொன்னவனே ஊத்தட்டும்னு சொல்லு. இந்தா, இதக் குடு."

ஒரு சாவி. நோரீன் அதை வாங்கி மலக்கியின் ஜன்னலில் நீட்டினாள். அவர் வாங்கினார். சாவி சூடாக இருந்தது. வழி முழுக்கக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்திருக்கவேண்டும்.

மலக்கிக்கு வாய் திறந்தது. வாக்கியத்தின் முதல் சொல் வந்தது. "நோரீன், அவர்கிட்ட சொல்லு, அன்னைக்கு நான்..."

"முடியாது" என்றாள் நோரீன். "டயரு, ஜெர்மன்காரன், சாவி, எல்லாம் சொல்லிட்டேன். நீ இப்பச் சொல்லப் போறத மட்டும் நான் சொல்ல மாட்டேன். நான் என்ன உங்க வீட்டுத் தபால் பெட்டியா? அது நீயே சொல்ல வேண்டியது." காருக்குள் நெளிந்து ஏறிக் கதவைச் சாத்தினாள்.

நடுவில் ஆள் இல்லாமல் அண்ணனும் தம்பியும் முகத்துக்கு முகம் பார்த்தார்கள். அண்ணனுக்குத் தாடை ஒட்டிப்போயிருந்தது. சவரம் செய்யும்போது கன்னத்தில் வெட்டிக்கொண்டிருக்கிறார். டை அப்பாவுடையது. பாழாய்ப்போன அந்த நாக்கு, வேண்டாத இடத்தில் நாற்பது பேர் முன்னால் புரண்ட நாக்கு, வேண்டிய இடத்தில் மரக்கட்டையாகிவிட்டது. ஃபின்டன் ஒரு நிமிஷம் காத்திருந்தார். பிறகு மெதுவாகக் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

கடல் காற்று. பின்னால் பதினாறு பேர் முனகல். விமானத்துக்கு நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மலக்கி சட்டைக் காலரில் குத்தியிருந்த மைக்கைப் போட்டார். "யாரும் பயப்படாதீங்க. நாம பின்னால போறோம்" என்றார்.

அந்தச் சாலையில் எந்த பஸ்ஸும் பின்னால் போனதில்லை. போன கதை யாருக்கும் தெரியாது. முக்கால் மைல், ஃபின்டன் வீட்டு கேட் வரைக்கும். அங்கேதான் கார் ஒதுங்கிப் போகிற அளவுக்கு வாய் அகலம். ரிவர்ஸ் போட்டார். இடது கண்ணாடியில் சுவர், வலது கண்ணாடியில் பாறை. மாடு நடக்கிற வேகத்தில் பஸ் பின்னால் நகர்ந்தது. நோரீன் தள்ளியே வரலாம். ஆனால் ஃபின்டன் அவளிடம் ஏதோ சொன்னார். பச்சைக் கார் அதே கன்றுக்குட்டி இடைவெளியில் பஸ்ஸின் மூக்கோடு மூக்கு வைத்து, கூடவே ஊர்ந்து வந்தது.

இடது, வலது, நேர் எதிரே அண்ணன். இடது, வலது, அண்ணன். கண்ணைத் திருப்பினால் கடலில் விழவேண்டும், நேரே பார்த்தால் அந்த முகம். தப்பிக்க இடமே இல்லை. பத்தொன்பது வருஷத்தில் பார்க்காமல் விட்டதையெல்லாம் அந்த இருபது நிமிஷத்தில் பார்த்தார். பாதி வழியில், தன்னையறியாமல் உதடு அசைய ஆரம்பித்தது.

"அண்ணே... நான் சொன்னது தப்பு. வயலுக்காக நீ செய்யல. எனக்குத் தெரியும், அன்னைக்கே தெரியும். அப்பாவத் தூக்கிக் குளிப்பாட்ட என்னால முடியாது, குமட்டும். அதான் கிறிஸ்துமஸுக்கு மட்டும் வந்தேன். நீ செஞ்ச, நான் செய்யல. அந்த வெக்கத்துலதான் உன்னக் கடிச்சேன். மறுநாள் வந்தேண்ணே, பூட்டப் பாத்துட்டுப் போயிட்டேன். ஹெல்முட்டும் பொய், எல்லாம் பொய். போகாதேன்னு சொல்ல எனக்கு வாயில்ல. நீ போயிட்டா எனக்கு இங்க சண்ட போடக்கூட ஆள் கிடையாதுண்ணே."

இரண்டு கண்ணாடிக்கு அப்பால் இருக்கிற ஃபின்டனுக்கு இதில் ஒரு வார்த்தையும் கேட்டிருக்காது. தம்பியின் உதடு அசைவது மட்டும்தான் தெரிந்திருக்கும். அவர் கண் கொட்டாமல் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கேட் வந்தது. மலக்கி பஸ்ஸின் பின்பக்கத்தை அதன் வாய்க்குள் ஒடித்துச் செருகினார். கார் கிளம்பியது. தாண்டும்போது, நோரீனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஃபின்டன், டாஷ்போர்டின் மேல் கையை வைத்திருந்தார். அந்தக் கையில் ஆள்காட்டி விரல் மட்டும் எழுந்தது. ஒரு அங்குலம், அவ்வளவே.

மலக்கியின் பத்து விரலும் ஸ்டியரிங்கில் இறுகிக் கிடந்தன. இருபது நிமிஷப் பிடி, உடனே வரவில்லை. ஒரு விரலைப் பிரித்து எடுத்துத் தூக்குவதற்குள் கார் வளைவில் மறைந்துவிட்டது. தூக்கிய விரலை இறக்காமல் காலிச் சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பின்னால் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். திரும்பிப் பார்த்தார். பதினாறு பேரில் ஒருவர் முகமும் சரியாக இல்லை. லொரேட்டா கையை நீட்டி அவர் காலரைத் தொட்டுக் காட்டினாள். மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அணைக்க மறந்துட்டே தம்பி" என்றாள்.

அவர் அணைத்தார். "எறங்குங்க. இது எங்க அண்ணன் வீடு" என்றார்.

கேட்டில் தொங்கியது எண்ணெய் போட்டு வைத்த பூட்டு. சாவியைத் தொட்டதும் திறந்துகொண்டது. உள்ளே சுவரோரமாக ஜாம் பாட்டில்கள் வரிசையாக இருந்தன, இருபதோ முப்பதோ. வாடாத பூவை ஒதுக்கி எடுத்து வைத்திருக்கிறார். கரடி பொம்மை மழையில் நனையாமல் இருக்க அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்திருக்கிறார். பயணிகள் கடல் பக்கம் போய் நின்று மூன்று தீவுகளையும் பார்த்தார்கள். யாரும் படம் எடுக்கவில்லை.

லொரேட்டா மட்டும் பூங்கொத்தோடு சுவர்ப் பக்கமே நின்றாள்.

"மன்னிச்சுக்குங்கம்மா" என்றார் மலக்கி. "அப்படி ஒரு பையன் இல்ல."

"எனக்கு இருந்தானே" என்றாள். ஒரு காலி பாட்டிலைப் பார்த்துக் குனிந்து, பூவை அதில் வைத்து, காகிதத்தைப் பிரித்தாள். "தண்ணி எங்க கிடைக்கும்?"

அது அவருக்குத் தெரியும். வீட்டுக்குப் பின்னால், கூரைத் தண்ணீர் விழுகிற பீப்பாய். சின்ன வயதில் அண்ணன் அவரைத் தலைகீழாகப் பிடித்து முக்கியெடுத்த பீப்பாய். அது இடம் மாறியிருக்காது. மலக்கி பாட்டிலை வாங்கிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனார்.